ஆம்பல்கோட்டை மதகுச் சர்வரில் மூன்று அளவைகள் அடங்கியது குறித்து வில்லவதரையருக்கு விடுத்த ஓலை

நீர் நிற்க, நிலம் விளைக, நாடு நலம் பெறுக.

கரையற்ற ஆற்றுக்குக் கரை கட்டி, இருண்டு கிடந்த ஊர்களுக்கெல்லாம் மின்விளக்கு ஏற்றி, பதினேழு கோட்டைகளையும் ஒரே செய்திக்கம்பியில் கோத்து, செம்மதில் நகரில் வீற்றிருந்து ஆளும் பேரரசி நிலந்தரு தேவியாரின் ஆட்சியாண்டு பதினொன்றில், கார்த்திகைத் திங்கள் இருபத்திரண்டாம் நாளில், அவர்தம் அளவைநாயகமாகிய மாறன் எழினி, திருவாய்மொழிந்த ஆணையைத் தலைமேல் கொண்டு எழுதிய ஓலை.

ஆம்பல்கோட்டைக்கு அதிபதியும், மேலைக்கரைக் காவலரும், பேரலை ஏரியைப் புரப்பவரும், பேரரசியாரின் தாய்மாமனும், யானைப் பந்தயத்தில் மும்முறை வென்றவரும், இன்னும் தாமே சூடிக்கொண்டு எமக்கு எழுதித் தெரிவித்த பதினான்கு பட்டங்களுக்கும் உரியவருமாகிய வில்லவதரையர் காண்க. பட்டங்கள் அனைத்தையும் எழுதினால் ஓலை தீரும், செய்திக்கு இடமிராது. ஆதலால் மீதியைத் தாமே மனத்துள் சொல்லிக்கொள்வீராக.

உமது கோட்டை நலமா, கொத்தளம் நலமா, யானைக் கொட்டில் நலமா என்று வினவுவது முறையாதலின் வினவுகிறோம். வாளைத்துறை நலமா என்று மட்டும் வினவவில்லை. அவ்வூர் நலமில்லை என்பதும், நாற்பத்து மூன்று வீடுகள் நீரில் கரைந்தன என்பதும், விதைநெல்லைக் கூட உலர்த்த இடமின்றி மக்கள் சந்தை மேட்டில் கிடக்கிறார்கள் என்பதும் எமக்குத் தெரியும்.

மின்னஞ்சல் அனுப்பினால் வந்து சேரவில்லை என்பீர். முன்பு நான்கு முறை அவ்வாறே சொன்னீர். ஆகவே குதிரைவீரன் கையில் ஓலையாகவே வருகிறது. காப்பு கட்டியிருக்கிறோம், தீயமொழி கோட்டைக்குள் வரலாகாது என்று இம்முறை சொல்ல வேண்டா. இவ்வோலையை உமது பேரவையில் உரக்கப் படிக்குமாறும், படித்து முடிக்கும் வரை ஆம்பல்கோட்டையில் எவர் மணிக்கட்டிலும் காப்பு இருக்கலாகாது என்றும் பேரரசியார் ஆணையிட்டிருக்கிறார்.

இனிச் செய்தி. பதினைந்தாம் நாள் நீர் பேரரசியாருக்கு எழுதிய மடலில், மதகுச் சர்வரின் காப்பாளராகிய அல்லியங்கோதை என்பவள் அளவை முகவரைப் பிழையாக நிறுவினாள் என்றும், அதனால் ஏரி நிறைந்தது எவருக்கும் தெரியாமற் போயிற்று என்றும், ஆகையால் வரும் இருபத்தேழாம் நாள் உடைந்த கரையின்மேல் ஊரார் முன்னிலையில் அவளுடைய வலக்கை விரல்கள் ஐந்தும் வெட்டப்படும் என்றும் அறிவித்திருந்தீர். அதற்கு ஒப்புதலும் கேட்கவில்லை. கல்யாணச் செய்தி போல அறிவித்திருந்தீர். அம்மடலைப் படித்தபோது எமக்கு வந்த சினத்தை அரசவை மொழியில் எழுத இயலாது. எழுதும் அளவுக்கு எழுதுகிறோம்.

பேரவையில் இருப்போர் எல்லாரும் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும் என்பதற்காக, அளவை முகவர் என்பது யாதென்று முதலில் சொல்லுகிறோம். அது ஆள் அன்று. சர்வருக்குள் குடியிருக்கும் ஒரு சிறு நிரல். பத்து விநாடிக்கு ஒருமுறை விழித்து, அந்தச் சர்வர் எந்நிலையில் இருக்கிறது என்று அளந்து, அளந்ததைக் கம்பி வழியே தலைநகருக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் உறங்கும். தனக்கென்று அதற்கு ஓர் அறிவும் இல்லை. ஒவ்வோர் அளவைக்கும் ஒவ்வொரு செருகுநிரல் உண்டு. ஒன்று வட்டு எவ்வளவு நிறைந்தது என்று பார்க்கும், ஒன்று சூடு பார்க்கும், ஒன்று வேலைப் பாரம் பார்க்கும், இன்னொன்று உள்ளே நுழைந்திருப்போர் எத்தனை பேர் என்று எண்ணும். எந்தச் செருகுநிரல் வேலை செய்ய வேண்டும், எது வேண்டாம் என்பது அமைவுக் கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். ஒரு வரியின் தலையில் வேலி போன்ற குறி ஒன்றை இட்டால் முகவர் அந்த வரியைப் படிக்காது தாண்டிவிடும். இவ்வளவே.

பேரலை ஏரியின் பன்னிரண்டு மதகுகளையும் நீர்மட்டம் பார்த்துத் திறந்து மூடுவது மதகுச் சர்வர். மதகு அசையும் ஒவ்வொரு முறையும் அதன் நிரல் தன் வட்டில் ஒரு குறிப்பு எழுதும். எழுத இடமில்லையென்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாது நின்றுவிடும். ஆகவே வட்டு நிறைகிறதா என்று பார்ப்பது வாளைத்துறையின் உயிரைப் பார்ப்பது ஆகும். ஆடித் திங்களில் அல்லியங்கோதை முகவரை நிறுவியபோது இதனை உமக்கு எடுத்துரைத்தாள். நீர் அன்று மிக மகிழ்ந்து, கோட்டைக்கு உடையவன் கையும் பொறிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தி, உமது வலக்கை ரேகையையும் அதில் பதியச் செய்தீர். அன்றுமுதல் அந்தச் சர்வருக்குள் நுழையும் உரிமை இவ்வுலகில் இரண்டு கைகளுக்கே உண்டு. ஒன்று அவளுடையது, மற்றது உம்முடையது. வேலிக்குறியைப் பற்றியும் அன்றே அவளிடம் கேட்டறிந்தீர், இன்னொரு பட்டத்துக்கு ஆசைப்பட்டவர் போல.

ஐப்பசி பதினேழில் அல்லியங்கோதை தலைநகருக்குப் புறப்பட்டாள். பதினேழு கோட்டைகளின் சர்வர்க் காப்பாளர்களும் பயிற்சிக்கு வருமாறு யாமே அழைத்திருந்தோம். பத்தொன்பதில் வந்து சேர்ந்தவள் கார்த்திகை எட்டாம் நாள் விடியும்வரை எம் அளவைக் கூடத்தில்தான் இருந்தாள். அவள் இல்லாத இந்நாட்களில்தான் உமது கோட்டையில் காப்புத் திருவிழா நடந்தது.

உமது நாட்டுக் காப்பு வழக்கத்தை யாம் பழிக்கவில்லை. காப்பு கட்டியது முதல் அவிழ்க்கும் வரை பதினெட்டு நாட்கள் கோட்டைக்குள் எவரும் குறை, சாவு, பஞ்சம், பயம் என்று வாய்திறக்கலாகாது. வரும் தீச்செய்திகளையெல்லாம் சொல்காப்பான் என்னும் ஒருவர் கேட்டு மனத்துள் வைத்திருந்து, காப்பு அவிழ்த்த பின் ஒவ்வொன்றாக அவையில் சொல்லுவார். தாத்தா காலத்து வழக்கம், இருக்கட்டும். ஆனால் அந்த வழக்கத்தை ஒரு நிரலின்மேல் ஏற்றினீரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நடந்தது இது. திருவிழா ஒத்திகையின் காணொளிகளை, யானை அணிவகுப்பு, வாணவேடிக்கை, நீர் வில்லேந்தி நின்ற காட்சி உட்பட, மிக உயர்ந்த தரத்தில் எடுக்கச் செய்து, வைக்க வேறு இடம் தேடச் சோம்பி, காலியாகக் கிடக்கிறதே என்று மதகுச் சர்வரின் வட்டில் ஏற்றினீர். ஐப்பசி இருபத்தொன்றாம் நாள் காலை, காப்புக் கட்டும் நேரத்தில், பேரவைத் திரையில் வட்டு நிறைவு எண்பது என்று மஞ்சள் நிறத்தில் வந்தது. சோதிடர் முகம் சுளித்தார். நீர் எழுந்து சென்று, உமது கையை வைத்து உள்ளே நுழைந்து, வட்டு, சூடு, பாரம் என்ற மூன்று வரிகளின் தலையிலும் வேலிக்குறி இட்டீர். பிறகு வழக்கப்படி சர்வரை நிறுத்தி, தூசி தட்டி, சந்தனம் தெளித்து, மறுபடியும் தொடங்கச் செய்தீர். மறுபடி எழுந்த முகவர் உமது வேலிக்குறிகளைப் படித்து, மூன்று அளவைகளையும் விட்டுவிட்டது. அதன்பின் நாள்தோறும் எடுத்த திருவிழாக் காட்சிகளும் அதே வட்டில் ஏறி அதை நிறைத்தன.

சொல்காப்பானைப் போல அதுவும் பதினெட்டு நாட்களும் அளந்து, மனத்துள் வைத்திருந்து, காப்பு அவிழ்த்ததும் ஒப்பிக்கும் என்று எண்ணினீர். வேலி போட்ட வரியை முகவர் அளந்து மறைப்பதில்லை ஐயா, அளப்பதே இல்லை. கார்த்திகை எட்டாம் நாள் காப்பு அவிழ்த்து, மீண்டும் உள்ளே நுழைந்து வேலிக்குறிகளை அழித்து, திரையைப் பார்த்தீர். ஒரு தீச்செய்தியும் இல்லை. பதினெட்டு நாட்களிலும் ஒரு குறையும் நேரவில்லை என்று பறை அறைவித்து ஊருக்கு விருந்து வைத்தீர். அமைவுக் கோப்பை மாற்றினால் முகவரை நிறுத்தித் தொடங்கினாலொழிய அது புதிய வரியைப் படிக்காது என்பது உமக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமன்று. கேட்கத் தெரியாததும், தெரிந்தவளைக் கட்டிவைத்ததும் குற்றம்.

இவையெல்லாம் யாம் கற்பித்த கதை என்பீர். ஆகவே சாட்சிகளைச் சொல்லுகிறோம். ஒன்றுகூட வெளியார் தந்ததன்று.

நீர் மூன்று அளவைகளை அடக்கியபோது, நுழைந்தோரை எண்ணும் செருகுநிரலை அடக்க மறந்தீர், அது உமது கண்ணுக்கு மங்கலமாகவோ அமங்கலமாகவோ தோன்றவில்லை போலும். ஐப்பசி இருபத்தொன்றாம் நாள் காலை எட்டு மணி முதல் கால்மணி நேரம், தொண்ணூறு முறை, உள்ளே இருப்பவர் ஒருவர் என்று அது எமக்கு அனுப்பியிருக்கிறது. அந்நேரம் அல்லியங்கோதை எம் கூடத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தாள். இரண்டு கைகளில் ஒன்று இங்கிருந்தால் உள்ளே நுழைந்தது எந்தக் கை என்பதைச் சோதிடர் இல்லாமலே கணிக்கலாம்.

அடுத்து, கோப்பில் வேலிக்குறி ஒன்றும் இல்லை, பாருங்கள் என்று மடலோடு அதன் படியையும் அனுப்பிவைத்தீர். மிக்க நன்றி. அந்தப் படியின் தலையிலேயே, கடைசியாகத் திருத்தப்பட்டது கார்த்திகை எட்டு, காலை பத்து மணி என்று இருக்கிறது. அப்போது அவள் தலைநகரிலிருந்து ஐந்து காதம் தள்ளி, எம் அரசு வண்டியில், எம் வண்டிக்காரரோடு வந்துகொண்டிருந்தாள். காப்பு அவிழ்த்த அன்றே பேரரசியாருக்கு நீர் அனுப்பிய மடலில், எங்கள் மதகுச் சர்வரில் பதினெட்டு நாள் காட்சியும் பத்திரமாக உள்ளது, மருமகள் கண்டு களிக்க என்று எழுதி, அங்கே செல்லும் வழியையும் குறித்திருந்தீர். மருமகளார் கண்டார், களிக்கவில்லை.

பத்தாம் நாள் பொழுது சாயும் வேளையில் அல்லியங்கோதை கோட்டை வாயிலுக்கு வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் பயண மூட்டையோடு வந்தாள். அவளைத் தடுத்த வாயில்காவலர் எம் எழுத்தரிடம் சொன்னதை, சொன்னபடியே வரைகிறோம்: “அந்தம்மா பொறியை ஒருதரம் நிறுத்தித் தொடங்கணும், கால்மணி போதும்னு கெஞ்சுச்சு. இன்னைக்கு அட்டமி, நாளைக்கு வரச்சொல்லுன்னு உள்ளேருந்து சொல்லிவிட்டாங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன். அனுப்பிட்டு நிம்மதியா சோறும் தின்னேன்.” அக்காவலரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவர் விரல்களுக்கும் நாள் குறிப்பீர்.

அன்று மாலை மலையில் பெய்த மழை விடியலில் ஏரிக்கு வந்தது. வட்டில் ஓர் எழுத்துக்கு இடமில்லை. மதகு நிரல் நின்றுவிட்டது. பன்னிரண்டு மதகுகளும் மூடியபடியே கிடந்தன. அப்போது ஏழாம் மதகைக் கையால் திறக்க நீருக்குள் இறங்கியவர், பழைய மடைதிறப்பாளர் கோடன் என்பவர். இறங்கினார், திறந்தார், மேலே வரவில்லை. அந்த ஒரு மதகு திறந்ததால்தான் கரை ஓரிடத்தில் மட்டும் உடைந்தது. இல்லையேல் வாளைத்துறை என்ற பெயரே இருந்திராது. நிவாரணப் படகோடு போன எம் எழுத்தரிடம் கோடனின் மனைவி நல்லமங்கை சொன்னது: “பொறி வந்திருச்சு, இனிமே நீ தண்ணிக்குள்ள முங்க வேண்டாம்னு சொல்லி, எம்புருசனுக்குப் பூங்காவுல காவல் வேலை குடுத்தாங்க. அந்தாளும் சந்தோசமாத்தான் போனாரு. பொறிதான் இருந்துச்சே, பின்ன ஏன் அவரு முங்கினாரு? அதை மட்டும் எனக்கு யாராச்சும் சொல்லுங்க.” அவளுக்கு விடை சொல்லக் கடன்பட்டவர் நீர். அவளோ இன்னும் அல்லியங்கோதைக்குச் சிறையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

கரை உடைந்த காலையில் அல்லியங்கோதை காவலரைத் தள்ளிக்கொண்டு பொறியறைக்குள் ஓடி, முகவரை நிறுத்தித் தொடங்கினாள். சரியாக எட்டு மணி நாற்பதாம் நிமிடத்தில் எம் திரையில் மூன்று அளவைகளும் உயிர்பெற்றன. வட்டு நிறைவு நூறு. சூடு தொண்ணூற்று நான்கு. மூன்றே முறை வந்தது; அரை நிமிடம். பிறகு ஒன்றும் வரவில்லை. உமது ஆட்கள் அவளை இழுத்துப்போய், சர்வரின் மின்னிணைப்பையும் பிடுங்கிவிட்டார்கள் என்பதை நான்கு நாள் கழித்து அறிந்தோம்.

இவ்விடத்தில் யாம் எழுத விரும்பாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. பேரவையில் உரக்கப் படிக்கப்படும் என்று தெரிந்தே எழுதுகிறோம். ஐப்பசி இருபத்தாறாம் நாள், பயிற்சியின் நடுவே, அல்லியங்கோதை எம் இருக்கைக்கு முன் வந்து நின்றாள். அவள் சொன்னது எமக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. “மூணு வரி வரலைங்க ஐயா. பொறி கெட்டுப்போனா எல்லாமே நின்னிருக்கும். மூணு மட்டும் நின்னிருக்குன்னா யாரோ நிறுத்தியிருக்காங்க. நான் ஊருக்குப் போயிட்டு வந்துடறேனே” என்றாள். உங்கள் கோட்டையில் திருவிழாக் காலம், அங்கே எப்போதும் இப்படித்தான், பயிற்சி முடியட்டும் என்று யாம் சொன்னோம். இரண்டாம் முறையும் வந்தாள். அப்போது சிரித்துக்கொண்டே சொன்னோம். எண்பது தாண்டினால் மணி அடிக்க எம் கூடத்தில் ஏற்பாடு இருந்தது. அளவே வராமற் போனால் மணி அடிக்க ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாட்டைச் செய்யாதவன் நான். யாம் என்று எழுதக் கை கூசுகிறது. நான்தான்.

இதனைப் பேரரசியாரிடம் சொல்லி, முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்தேன். ஆணைக்குக் கெடுவாகக் குறித்த இருபத்தைந்தாம் நாள் கழியட்டும், உனக்கு உரியதைப் பிறகு பார்ப்போம் என்று அவர் அருளினார். ஆகவே எழினி தன்னைக் காத்துக்கொள்ள எழுதுகிறான் என்று உமது புலவர்கள் பாட வேண்டா. என் குற்றத்துக்கு நான் நிற்பேன். உம் குற்றத்துக்கு ஒருத்தியின் விரல்களை நிறுத்த விடமாட்டேன்.

இனி ஆணை. இது பேரரசியார் வாக்கு. ஒரு சொல்லும் என்னுடையதன்று.

இவ்வோலை படித்து முடிந்ததும் அல்லியங்கோதையின் விலங்கை வில்லவதரையர் தம் கையால் கழற்றுக. அவளுக்கு உணவும் மாற்றுடையும் தருக. கழற்றிய பின் அவளைப் பல்லக்கில் ஏற்றிப் பொறியறைக்கு அழைத்துச் செல்க. அவள் நடந்தே வருவேன் என்றால் நீரும் உடன் நடப்பீராக.

சர்வரை அவள் எழுப்புவாள். முதலில் உமது காணொளிகள் நீங்க வேண்டும். ஒன்றிரண்டையாவது வைத்துக்கொள்ளலாமா என்று அவளைக் கேளாதீர். பின் பழைய முகவரை அறவே நீக்கிப் புதிதாக நிறுவுக. அதனை அவள் செய்யலாகாது. அவள் அருகில் நாற்காலியில் அமர்ந்து சொல்லுவாள், நீர் விசைப்பலகையின் முன் அமர்ந்து உமது விரல்களால் தட்டுவீர். பொறியறையின் கதவு திறந்திருக்கட்டும். வாளைத்துறையார் எவர் வந்தாலும் நின்று பார்க்கட்டும். நல்லமங்கைக்கு முன்னால் இருக்கை இடுக.

அமைவுக் கோப்பில் சர்வரின் பெயர் ஆம்பல்கோட்டை மதகு என்று மட்டும் இருக்கட்டும், பட்டங்கள் வேண்டா. அளக்கும் இடைவெளி பத்து விநாடி. வட்டு, நினைவகம், சூடு, பாரம், கம்பிப் போக்குவரத்து, நுழைந்தோர் எண்ணிக்கை ஆகிய செருகுநிரல்களின் வரிகள் வேலியின்றி இருக்க வேண்டும். வட்டுக்குரிய பகுதியில் மதகுக் குறிப்புகள் எழுதப்படும் இடத்தை அவள் சொன்னபடியே எழுதுக, ஓர் எழுத்து மாறினாலும் அது வேறோர் அறையை அளந்துகொண்டிருக்கும். நீர்மட்டத்துக்கென எம் கூடத்தார் புதிதாக இயற்றிய செருகுநிரல் குதிரைவீரனிடம் உள்ளது. அதனையும் உரிய இடத்தில் வைத்து ஒரு வரி சேர்க்க. அளந்ததை அனுப்பும் செருகுநிரலில் தலைநகரின் முகவரியோடு வடவாயில் பாசறையின் முகவரியையும் சேர்க்க. எழுதி முடித்தபின் கோப்பில் பிழையுண்டா என்று முகவரையே சோதிக்கச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு; அவள் அறிவாள். பிழை காட்டினால் முகம் சிவக்காமல் திருத்துக. பின் முகவரை நிறுத்தித் தொடங்குக. இவ்வளவையும் செய்யக் கால்மணி போதும் என்று அவள் அட்டமியன்றே சொன்னாள். உமக்கு ஒரு முற்பகல் தருகிறோம்.

நாள் இருபத்தைந்து, உச்சிப்பொழுது. அதற்குள் அளவைகள் இங்கே வந்து சேர வேண்டும். வட்டு நிறைவு இருபதுக்குக் கீழ் இருக்க வேண்டும். பன்னிரண்டு மதகுகளும் ஒருமுறை திறந்து மூடிய குறிப்பு இருக்க வேண்டும். மலையில் மறுபடியும் மேகம் திரண்டிருக்கிறது. இதில் உமக்கும் எமக்கும் வழக்காட நேரமில்லை. அனைத்துக்கும் மேலாக, நுழைந்தோர் எண்ணிக்கை இரண்டு என்று வர வேண்டும். உமது கை ஒன்று. மற்றது ஐந்து விரலும் குறையாத அவளுடைய வலக்கை. ஒரு விரல் குறைந்தாலும் அப்பொறி அவளை உள்ளே விடாது என்பதை நீர் அறிவீர், நாங்களும் அறிவோம். சொல்லால் உறுதி கூறி எழுதும் மடல் எதுவும் ஏற்கப்படாது. இரண்டு என்ற எண் வந்தால் அவள் முழுமையாக இருக்கிறாள் என்று கொள்வோம். ஒன்று என்று வந்தாலும், ஒன்றும் வாராமற் போனாலும், அவளுக்குத் தீங்கு நேர்ந்தது என்றே கொள்வோம். அளவு வாராமையையும் ஓர் அளவாகக் கொள்ள எம் கூடம் இப்போது கற்றிருக்கிறது.

எண் வந்தால், நீர் முப்பதாம் நாள் தலைநகர் வந்து பேரரசியாரின் முன் நின்று விடை சொல்லுவீராக. மாமன் என்ற முறையில் உமக்கு ஓர் இருக்கை உண்டு. அதிபதி என்ற முறையில் இல்லை. எண் வாராவிடில் நீர் வரவேண்டிய வேலை இல்லை, நாங்கள் வருவோம்.

ஆம்பல்கோட்டைப் பேரவையோரும், வாயில்காவலரும், பொறியறைக் காவலரும் அறிக. இன்று முதல் அல்லியங்கோதையின்மேல் கை வைப்பவர், அவள்மேல் கை வைக்கச் சொன்னவர் எவராயினும் அவர் பெயரைச் சொல்லி, ஆணைக்குப் பணிந்தேன் என்று தப்ப முடியாது. பேரரசியாரின் ஆணை இவ்வோலையில் இருப்பது ஒன்றே.

செம்மதில் நகர் அளவைக் கூடத்தில், பேரரசியார் திருமுன் படித்துக்காட்டி, அவர்தம் மீன்முத்திரை அரக்கில் பொறித்து விடுக்கப்பட்டது. ஓலையின் படி ஒன்று தலைநகரில் உள்ளது. இது கிழிந்தாலும் ஆணை கிழியாது.

இவை அளவைநாயகம் மாறன் எழினி எழுத்து.

இவை பேரரசி நிலந்தரு தேவியார் எழுத்து. மாமா, எண் வரட்டும்.

இவை வடவாயில் படைத்தலைவர் தழும்பன் சேந்தன் எழுத்து. உம் எல்லையிலிருந்து அரைநாள் வழியில், குதிரைமேல் இருந்தபடியே இட்டது.